மளிகை லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது. திருச்சியில் வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பத்து வயதில் ஒரு பையன், கூடவே மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இயற்கையோடு ஒட்டி வாழ வேண்டும் என்று செக்கு எண்ணெய், இந்துப்பு, நாட்டுச்சர்க்கரை, செம்புக் குடம், சிறுதானியம் என ஒவ்வொன்றாக வாங்கிவிட்டார்கள். செலவு கூடியிருக்கிறது, உடம்பில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஊருக்கோ கோயிலுக்கோ கிளம்பினால் இருக்கிற ஒழுங்கும் போய்விடுகிறது. இதில் எது தேவை, எது வேண்டாம்? அத்தையின் மாத்திரையை நிறுத்திவிட்டு இயற்கை வைத்தியத்துக்கு மாறலாமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். காரணத்தை முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

மற்றதற்கு வருவோம். நீங்கள் வாங்கியவற்றைப் பார்த்தால் எல்லாமே ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று. ரீஃபைண்டு எண்ணெய் போய்ச் செக்கு எண்ணெய், வெள்ளைச் சர்க்கரை போய் நாட்டுச்சர்க்கரை, தூள் உப்பு போய் இந்துப்பு. பொருள் மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை. ஊட்டச்சத்து ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். அதனால் முதல் நாளே யாரிடமும் எதையும் வாங்கச் சொல்வதில்லை. போன மாத மளிகை லிஸ்ட்டைக் கொண்டு வாருங்கள் என்பேன். "நாங்க ரொம்ப கம்மியாத்தான் சேர்ப்போம்" என்று எல்லோருமே சொல்வார்கள், நம்பித்தான் சொல்வார்கள். லிஸ்ட்டில் இருக்கும் கிலோவையும் லிட்டரையும் தலைக்கு வகுத்துப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் உங்கள் வீட்டில் ஐம்பது நாள் வர வேண்டும். அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, பிஸ்கட், பிரெட், மிக்சர் எதுவும் வீட்டுக்குள் வராமல், வெளியிலும் சாப்பிடாமல் இருந்தால். பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். முப்பது நாளுக்குள் தீர்ந்துபோனால், அது இந்துப்பா கடல் உப்பா என்று யோசிப்பதில் பயன் இல்லை. ரத்த அழுத்தம் இருக்கிற அத்தைக்கு உங்கள் வீட்டில் நடக்க வேண்டிய மிகப் பெரிய மாற்றம் இதுதான், இதற்குப் பைசா செலவில்லை.

குறைப்பதையும் சட்டென்று செய்யாதீர்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் மறுநாளே எல்லோரும் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பார்கள். குழம்பில் கொஞ்சம், இட்லி மாவில் கொஞ்சம் என்று வாரா வாரம் ஒரு சிட்டிகை குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், அப்புறம் பழைய அளவு கரிக்கும். எலுமிச்சை, மிளகு, சீரகம், பெருங்காயம், கொத்தமல்லி இவற்றை ஒரு கை கூடுதலாகப் போட்டால் உப்புக் குறைவு பெரிதாகத் தெரியாது. தயிர்சாதத்துக்குப் பிசையும்போது உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், பக்கத்தில் மோர் மிளகாய் என்று ஒரே தட்டில் மூன்று இடத்தில் உப்பு வருகிறதே, அதில் ஒன்றை மட்டும் விடச் சொல்லிப் பாருங்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றுவது உப்பில் இருக்கும் சோடியம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் அந்தச் சோடியம் இரண்டு வழியாக வருகிறது.

இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் அதில் இருப்பது மிகச் சொற்பம். ஆனால் பல இந்துப்புப் பாக்கெட்டுகளில் அயோடின் சேர்ப்பதில்லை. பத்து வயதுப் பையன் வளர்கிற வீட்டில் அயோடின் இல்லாத உப்பை மட்டும் வைத்துச் சமைப்பது சரியல்ல, தைராய்டுச் சுரப்பிக்கு அது தினமும் வேண்டும். சிரிக்கும் சூரியன் முத்திரை போட்ட அயோடின் உப்பை வாங்கி, மூடிய டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். சூடும் ஈரமும் பட்டால் அயோடின் குறையும். கல் உப்புதான் கைக்குப் பழக்கம் என்றால் அதிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது.

சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறார்களே, அதில் பாதிக்கு அருகில்கூடப் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கலாம். மற்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அத்தையின் மருத்துவரிடம் கேட்காமல் அதை வாங்காதீர்கள்.

எண்ணெய்க்கும் இதே கணக்குதான். ஒருவருக்கு நாளைக்கு 20 முதல் 30 கிராம் போதும். வெளியில் தின்னும் வடையும் பஜ்ஜியும் இதில் அடக்கம் என்பதால், வீட்டு எண்ணெயைத் தலைக்கு மாதம் அரை லிட்டரில் நிறுத்துங்கள். நாலு பேருக்கு இரண்டு லிட்டர். நாலைந்து லிட்டர் வாங்குகிற வீடுகள் நிறைய. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் அருமையான எண்ணெய், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, செக்குக்குத் தனிச் சலுகை கிடையாது. கடலை எண்ணெய் வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். செக்கில் ஆட்டினால் அது எண்ணெயோடு வந்துவிடும், சுத்திகரிப்பில்தான் பெருமளவு நீங்கும். கடலையைக் கண்ணால் பார்த்து, சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கிப் போடுகிற செக்குக்காரரிடம் வாங்குங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை மறுநாள் மறுபடி பொரிக்க எடுக்காதீர்கள். கடைகளுக்கே 2018 முதல் இதற்கு வரம்பு உண்டு: திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்டிவிட வேண்டும்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். மணத்துக்காகக் கருப்பட்டிக் காபி குடியுங்கள், அது சந்தோஷம். நாட்டுச்சர்க்கரைதானே என்று அத்தை கூடுதலாக ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்ள வேண்டாம்.

குறைக்க வேண்டியதை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் சரியாக இருக்காது. லிஸ்ட்டில் கூட்ட வேண்டியதும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒருவருக்கு நாளைக்கு அரிசி, கோதுமை போன்ற தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. பருப்பை நாலு பேருக்கு மாதக் கணக்காக்கினால் பத்து கிலோ வருகிறது! முட்டை, மீன் சாப்பிடுகிற வீட்டில் அதில் ஒரு பகுதி குறையும், பையனுக்கும் வயதானவருக்கும் கொஞ்சம் குறையும். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஏழெட்டு கிலோவாவது வேண்டும். துவரம்பருப்பு இரண்டு கிலோ, உளுந்து இரண்டு கிலோ, தாளிக்கக் கொஞ்சம் கடலைப்பருப்பு என்று நிற்கிற லிஸ்ட்டில் மீதி எங்கே? சுண்டல் கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று அரை அரை கிலோ சேர்த்து எழுதுங்கள். இரவு ஒரு கை ஊறப் போட்டால் மாலையில் பையனுக்குச் சுண்டல் தயார். பிஸ்கட் வாங்குகிற காசு இதற்கே சரியாகிவிடும்.

காய்கறி நாலு பேருக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டும், சோற்றின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியலும் இந்தக் கணக்கில் எங்கும் நிற்காது. சனி, ஞாயிறு காலையில் தென்னூர் உழவர் சந்தைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். பரிமாறும்போது ஒரே ஒரு மாற்றம்: தட்டில் முதலில் பொரியல், கூட்டு, கீரை. அதைப் பாதி சாப்பிட்ட பிறகு சோறு. காய் முதலில் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது குறையும். அத்தைக்கு இது மருந்துக்குத் துணையாக நிற்கும். சோறும் தானாகவே ஒரு கரண்டி குறையும்.

உங்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும், வீட்டில் எல்லோரையும் கவனிக்கிற பெண்கள் தங்களை விட்டுவிடுகிறார்கள். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. கீரை சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெட்டுவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுதானியம் நல்லதுதான். கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு கிடையாது. ஆனால் கடையில் வெள்ளை வெளேரென்று மின்னும் சாமையும் குதிரைவாலியும் தவிடு போகத் தீட்டப்பட்டவை. வெள்ளை அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கொஞ்சம் மங்கலாக, பழுப்பு ஓடியதாகப் பார்த்து வாங்குங்கள். மாவாக நைசாக அரைத்துத் தோசையும் கூழும் ஆக்கினால் சர்க்கரை வேகமாக ஏறும், முழுசாக வேகவைத்தால் மெதுவாக ஏறும். கம்பு தோசை என்று நாலு தோசை சாப்பிட்டால் சர்க்கரை மீட்டர் ஏமாறாது.

தண்ணீருக்கு வருகிறேன். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பாலும் தேவைப்படாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதில் அளந்து பாருங்கள். 500க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. வேண்டாம், அது பாதித் தண்ணீருக்கு மேல் வீணாக்கும். கிருமிக்குப் பயந்தால் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும். ஆறியதை மண்பானையில் ஊற்றுங்கள். திருச்சி, மதுரை மாதிரி வறண்ட காற்று அடிக்கும் ஊரில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும், புழுக்கமான சென்னையில் இந்த அளவு குளிராது. குழாய் வைத்த பானையாக வாங்கினால் யாரும் டம்ளரோடு கையை உள்ளே விட மாட்டார்கள். பானையைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காய வைத்தால் சரி.

செம்புக் குடத்தில் இரவு ஊற்றி வைத்தால் சில கிருமிகள் குறையும் என்பது உண்மை. வெறும் தண்ணீருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, ரசம் இவற்றை ஈயம் பூசாத செம்பிலோ பித்தளையிலோ வைக்கவே கூடாது, புளிப்பு உலோகத்தைக் கரைத்து இறக்கும். வாங்கியது வாங்கியாயிற்று, தண்ணீருக்குப் பயன்படட்டும். இல்லாதவர்கள் புதிதாக வாங்கத் தேவையில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது வீட்டுக்குள் இருக்கும் புகையைப் பற்றி. மாலையில் சன்னலை மூடிக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறோம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்தால் வரும் அளவு நுண்துகள் வெளிவரும் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மூலிகைச் சுருள், வேப்பிலைப் புகை என்று பெயர் மாறினாலும் நுரையீரலுக்குள் போவது துகள்தான். கொசுவலையும் சன்னல் வலையும் போதும்.

கொசு எங்கே பிறக்கிறது என்று பார்ப்பது இன்னும் பலன் தரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில் முட்டை போடும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அது காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். ஆகவே டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்பக்கச் சுவரை, முக்கியமாகத் தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு மேலே, நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரத்தில் ஒரே கிழமையாக வைத்துக்கொண்டு டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, மொட்டை மாடித் தேங்காய் ஓடு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். எட்டு நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பூட்டிய வீட்டில் ஒரு தலைமுறைக் கொசு வளர அந்த எட்டு நாள் போதும்.

நடப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். வாரம் 150 நிமிடம், அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் அத்தையும் நீங்களும் தெருவில் நடந்தாலே அவர் சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். வெயிலில் மட்டும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. காலை ஆறரை மணி இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று நினைக்கிறோம், அந்த நேரத்தில் அதற்கான கதிர் பூமிக்கு வந்து சேர்வதே இல்லை என்று சொல்லலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் அதற்கு உதவும். ஒன்பதரை, பத்து மணிக்குத் துணி காயப் போடுகிற நேரமே போதும், சித்திரை வெயிலில் அதற்குமேல் நிற்க வேண்டாம். பையனைப் பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். தினம் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது.

வெளியூர்ப் பயணத்துக்கு நம் பாட்டிமார் கட்டிக்கொடுத்த புளியோதரையை மிஞ்ச எதுவும் இல்லை. புளிப்பு, உப்பு, எண்ணெய், ஈரக் குறைவு நாலும் சேர்ந்து கெடாமல் காக்கின்றன. நல்லெண்ணெய் தடவிய பொடி இட்லியும் அப்படித்தான். இரண்டையும் நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள், சூட்டோடு மூடினால் ஆவி நீராகி உள்ளேயே ஊசும். ஓட்டலில் சாப்பிட நேர்ந்தால் ஆவி பறக்கும் இட்லி, கண் முன்னே சுடும் தோசை, கொதிக்கிற சாம்பார் இவற்றை நம்பலாம். தேங்காய்ச் சட்னியைத் தொடாதீர்கள். அது அடுப்பையே பார்க்காதது, அரைத்த தண்ணீரும் எதுவோ, எத்தனை மணிக்கு அரைத்ததோ. ஐஸ் போட்ட கரும்புச் சாறு, சர்பத்தும் வேண்டாம். வடையைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அச்சு மை எண்ணெயில் இறங்கும். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவும் மஞ்சப்பையும் கூடவே இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

கழிப்பறைக்குப் பயந்து பெண்கள் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு அது நேர்வழி, சர்க்கரை உள்ள அத்தைக்கு இன்னும் சுலபமாக வரும். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. வண்டிக்கு எண்ணெய் போடாவிட்டாலும் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பவுடர்தான் முதல் மருந்து. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், கண் அளவில் பாதி பாதியாக அல்ல. கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

கோயிலுக்குப் போகும்போது அத்தையின் பாதத்தைக் கவனியுங்கள். பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். நடுப்பகலில் பிராகாரக் கல் சுடுவது நமக்கு உடனே தெரியும், குதித்து நிழலுக்கு ஓடுவோம். அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும், அது புண்ணாகி ஆறாமல் இழுக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தரிசனம் முடித்துவிடுங்கள், நிழல் ஓரமாக, விரிப்பு போட்ட பக்கமாக நடக்க வையுங்கள். அன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே பார்த்துவிடுங்கள். பழனிப் பாதயாத்திரை போகிற ஆசை அவருக்கு இருந்தால் வெறுங்காலோடு வேண்டாம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது மாத்திரை. 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். சர்க்கரையும் அழுத்தமும் கூடும்போது பெரும்பாலும் வலிக்காது, அதனால் மாத்திரையை நிறுத்தினாலும் சில வாரங்கள் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். உள்ளே சிறுநீரகமும் கண்ணும் பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் செய்யும் உணவு மாற்றங்கள் வேலை செய்தால் அது பரிசோதனையில் தெரியும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. குறைந்தால் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார். செலவு ஒரு தடை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள், 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்து வையுங்கள். வெந்தயம், பாகற்காய் சாப்பாட்டில் சேர்வது நல்லது. பொடியாகவும் கஷாயமாகவும் மருந்து அளவில் எடுப்பதென்றால், அரசு சித்த மருத்துவப் பிரிவில் காட்டி, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் அவர்களிடம் நீட்டுங்கள்.

இந்த மாற்றங்களைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய காரணம் இன்னொன்று. சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலினும்கூட, பழைய அளவுச் சோற்றுக்குக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டவை. சோறு குறைந்து மாத்திரை அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அத்தைக்குத் திடீரென்று வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வந்தால் பையன்தான் பார்க்க வேண்டியிருக்கும், இதை அவனுக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.